ஊர் திரும்பும் முன் வீட்டு வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு?

கேள்வி: மெக்சிகோவில் குவாதலஹாராவை ஒட்டிய சபோபானில் குடும்பத்தோடு இருக்கிறோம். ஐ.டி. வேலை, தற்காலிகக் குடியிருப்பு அட்டை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் ஒரு அக்கா வீட்டு வேலைக்கு வருகிறார். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. வாரத்துக்கு 2,800 பெசோ, ரொக்கமாகக் கையில் கொடுக்கிறோம். ஒப்பந்தம் எழுதவில்லை, இம்ஸ் எனும் சமூகக் காப்பீட்டில் பதிவும் செய்யவில்லை. டிசம்பரில் மூன்று வாரம் நாங்கள் ஊருக்குப் போய்விடுவோம். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு 1,000 பெசோ கொடுப்போம். தனியாக விடுப்பு எதுவும் கொடுத்ததில்லை. 2026 ஜூன் 30 அன்று வீட்டைக் காலி செய்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறோம். "ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் நண்பர். அது போதுமா?

பதில்: போதாது. நீங்கள் சொன்ன விவரப்படி அவருக்குச் சேர வேண்டியது சுமார் 1,24,000 பெசோ. ராஜினாமாக் கடித யோசனையை இன்றே கைவிடுங்கள். வேலையை முடிப்பது நீங்கள், அவர் அல்ல. விலகாத ஒருவரிடம் விலகியதாக எழுதி வாங்குவது அவரை ஏமாற்றுவது. வழக்கு என்று வந்தால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மெக்சிகோவின் கூட்டரசுத் தொழிலாளர் சட்டம் 2019 ஜூலையில் திருத்தப்பட்டபோது வீட்டுப் பணியாளருக்கான அத்தியாயம் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டது. "வீட்டு வேலைதானே, கம்பெனி வேலையா" என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. 343ஆம் பிரிவின்படி, வேலைக்குச் சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் என்றால் இழப்பீடு இல்லாமல் நிறுத்தலாம். அதற்குப் பிறகும் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் எட்டு நாள் முன்னறிவிப்பும் முழு இழப்பீடும் கொடுத்தாக வேண்டும். நீங்கள் நாட்டை விட்டுப் போவது உங்கள் முடிவு. அது இழப்பீட்டிலிருந்து உங்களை விடுவிக்காது.

இனி கணக்கு. வாரச் சம்பளத்தை ஐந்தால் அல்ல, ஏழால் வகுக்க வேண்டும்; 89ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நாள் சம்பளம் 400 பெசோ. இழப்பீட்டுக்கு இந்த 400 போதாது. ஆண்டுக்கு 15 நாள் அகினால்டோவையும் (ஆண்டிறுதி போனஸ்) விடுப்புச் சம்பளத்தின் மேல் வரும் 25 சதவீதத்தையும் நாள் கணக்கில் பிரித்துச் சேர்த்த தொகையே அடிப்படை. உங்கள் விஷயத்தில் அது 421.37 பெசோ. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

மூன்று மாதச் சம்பளம், அதாவது 90 நாளுக்கு 37,923 பெசோ. ஓராண்டுக்கு 20 நாள் வீதம் நான்கு ஆண்டுக்கு 33,710 பெசோ. அடுத்தது பணிமூப்புத் தொகை: ஓராண்டுக்கு 12 நாள் வீதம் 48 நாள். இதற்கு வெறும் நாள் சம்பளமே அடிப்படை. அதுவும் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. 2026இல் பொதுக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 315.04 பெசோ என்பதால் உங்கள் 400 அந்த வரம்புக்குள் இருக்கிறது. ஆக 19,200 பெசோ.

இதற்கு மேல், வேலை எப்படி முடிந்தாலும் கொடுத்தே தீர வேண்டியவை இருக்கின்றன. அவர் தானே விலகியிருந்தாலும் இவை உண்டு. இதைத்தான் ஃபினிகீட்டோ என்கிறார்கள். 2023 ஜனவரி முதல் முதலாண்டு விடுப்பு 12 நாள், பிறகு 20 நாள் ஆகும் வரை ஆண்டுக்கு இரண்டிரண்டாகக் கூடும். அவருடைய மூன்றாம் ஆண்டுக்கு 16, நான்காம் ஆண்டுக்கு 18, ஆக 34 நாள். அதற்குமுந்தைய ஆண்டுகளின் விடுப்பைக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. விடுப்புச் சம்பளம் 13,600, அதன் மேல் 25 சதவீதம் 3,400. இந்த ஆண்டின் ஆறு மாதத்துக்கான அகினால்டோ 2,975. சென்ற டிசம்பரில் 20ஆம் தேதிக்குள் 6,000 கொடுத்திருக்க வேண்டும். 1,000தான் கொடுத்தீர்கள், மீதி 5,000.

கடைசியாக அந்த மூன்று வாரம். நீங்கள் ஊருக்குப் போனதால் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் வர மறுக்கவில்லை. ஆகவே சென்ற டிசம்பருக்கான 8,400 பெசோ பாக்கி நிற்கிறது. "அதுதான் அவருடைய விடுப்பு" என்று இப்போது சொல்ல முடியாது, ஏனென்றால் விடுப்பு என்றால் சம்பளத்தோடு கொடுப்பது. எல்லாம் சேர்த்து 1,24,208 பெசோ. தீபாவளிக்குக் கொடுத்த துணி, பஸ் காசு, பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கொடுத்த உதவி எதையும் இதில் கழிக்க இயலாது.

"நான் கொடுத்தேன்" என்ற வாய்வார்த்தை தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்காது. எப்போது சேர்ந்தார், எவ்வளவு சம்பளம், விடுப்பும் அகினால்டோவும் கொடுக்கப்பட்டனவா என்பதையெல்லாம் நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஒப்பந்தம் எழுதாததும் முதலாளியின் குறையாகவே கொள்ளப்படும். உங்களிடம் ஒரு ரசீதுகூட இல்லை. அவர் வாரச் சம்பளம் 3,500 என்று சொன்னால் மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. அவர் அப்படிச் சொல்லமாட்டார் என்று நம்புகிறீர்கள் என்றால், அந்த நம்பிக்கைக்குரியவருக்கு முழுத் தொகையைக் கொடுப்பதுதான் முறை.

எப்படிக் கொடுப்பது? ஜூன் 22க்கு முன்பே எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுங்கள். நாலைந்து வாரம் முன்பே சொன்னால் அவர் வேறு வீடு பார்க்க வசதியாக இருக்கும். பிறகு இருவரும் ஹாலிஸ்கோ மாநிலத் தொழிலாளர் சமரச மையத்தில் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய நேரம் வாங்குங்கள். கட்டணம் இல்லை. மத்திய மையத்துக்குப் போக வேண்டாம். வீட்டு வேலை மாநில வரம்பில் வருவது. இருவரும் அசல் அடையாள அட்டை எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒப்பந்தம் ஸ்பானியத்தில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த தேதி, முடியும் தேதி, நாள் சம்பளம், ஒவ்வொரு தலைப்பின் தொகை எல்லாம் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை போட்டால் அதிகாரி திருப்பி அனுப்பக்கூடும். 33ஆம் பிரிவின்படி, உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. பணத்தை அவர் பெயரில் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுங்கள். ரொக்கம்தான் என்றால் அதிகாரியின் முன்னிலையில் எண்ணிக் கொடுங்கள். மையம் உறுதிசெய்த ஒப்பந்தத்துக்குத் தீர்ப்பின் வலிமை உண்டு. அந்த வேலைக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. வீட்டில் இருவரும் கையெழுத்திட்ட தாளுக்கு அந்த வலிமை கிடையாது.

இதைச் செய்யாமல் விமானம் ஏறிவிட்டால்? வேலையிலிருந்து நிறுத்தியதற்கு எதிராக மையத்துக்குப் போக அவருக்கு இரண்டு மாதம் இருக்கிறது. மற்ற பாக்கிகளுக்கு ஓராண்டு. நீங்கள் கிளம்பப் போவது தெரிந்து முன்கூட்டியே அவர் வழக்குத் தொடுத்தால், சட்டத்தின் 857ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் உங்களை ஊரைவிட்டுப் போகாமல் தடுக்கலாம். விவரம் தெரிந்த ஒரு பிரதிநிதியை நியமித்தோ பிணை கொடுத்தோதான் கிளம்ப முடியும். நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்தால் பன்னிரண்டு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளமும் அதன் பிறகு வட்டியும் சேரும்.

இம்ஸ் விஷயம் இதிலிருந்து தனி. 2023 மே 16 முதல் வீட்டுப் பணியாளரைச் சமூகக் காப்பீட்டு நிறுவனமான இம்ஸில் பதிவது கட்டாயம். நீங்களும் அவரும் மையத்தில் செய்யும் ஒப்பந்தத்தில் இம்ஸ் ஒரு தரப்பு அல்ல. எனவே அந்தப் பாக்கி அப்படியே நிற்கும், ஐந்தாண்டு வரை பின்னோக்கிக் கணக்கிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பதிவில்லாத நிலையில் அவர் மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் மருத்துவச் செலவை இம்ஸ் உங்களிடமிருந்து வசூலிக்கும். மீதமிருக்கும் மாதங்களுக்காவது பதிவு செய்யுங்கள். உங்கள் கூர்ப் எண் (மக்கள்தொகைப் பதிவு எண்) குடியிருப்பு அட்டையிலேயே இருக்கிறது. அதோடு உங்கள் மின்னஞ்சல், அவருடைய கூர்ப், அவருடைய சமூகக் காப்பீட்டு எண், முகவரி, நாள் சம்பளம் இருந்தால் இம்ஸ் இணையதளத்திலேயே முடிந்துவிடும். சந்தா முன்பணம், 20ஆம் தேதிக்குள் கட்டினால் அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் காப்பீடு. 21ஆம் தேதி கட்டப் போனால் ஒரு மாதம் தள்ளிப்போகும். இதனால் அவருக்குக் கிடைப்பது ஆஸ்பத்திரி மட்டுமல்ல, ஓய்வூதியத்துக்கான வாரக் கணக்கும்தான். ஐம்பது வயதில் வீடு வீடாக வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்த வாரங்கள் எவ்வளவு பெரியவை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதே வீட்டுக்குக் குடிவரும் குடும்பம் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் என்பதால் உங்கள் கடன் அவர்களுக்குப் போய்விடாது. பழைய நான்கு ஆண்டைத் தங்கள் கணக்கில் ஏற்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்து, அவரும் சம்மதித்தால் மட்டும் பேசலாம்.

கிளம்பும் முன் அவருக்கு ஒரு பணிச் சான்றும் எழுதிக் கொடுங்கள்: சேர்ந்த தேதி, முடிந்த தேதி, என்ன வேலை, கையெழுத்து. கேட்டால் மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 132ஆம் பிரிவு சொல்கிறது. கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். மையத்தில் கிடைக்கும் ஒப்பந்தத்தின் சான்றளித்த நகலையும் இம்ஸ் ரசீதுகளையும் ஸ்கேன் செய்து குறைந்தது ஐந்தாண்டு வைத்திருங்கள்.