லினக்ஸ் கேள்வி–பதில்: முதலில் பார்க்கும் கட்டளைகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளுள், கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் கட்டளை வரியைப் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்து விடையளிக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

கல்லூரி மாணவி, தென்காசி: என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸை நிறுவியிருக்கிறேன். கட்டளைகளின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யத் தொடங்கி, மூன்றாம் நாளே கைவிட்டுவிட்டேன். எந்த வரிசையில் கற்றால் மனத்தில் நிற்கும்?

பட்டியலைக் கைவிட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. கட்டளைகளை அகர வரிசையில் கற்பவர் எவரும் நிலைத்ததாக நான் கண்டதில்லை. கட்டளைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கணினியில் உள்ளதைக் காட்டுவதோடு நின்றுவிடுபவை ஒரு வகை, கணினியில் எதையாவது மாற்றுபவை மற்றொரு வகை. முதல் இரண்டு வாரங்களுக்கு முதல் வகையை மட்டும் பயன்படுத்துங்கள். நான் எந்த அடைவில் (கோப்புறையில்) நிற்கிறேன் என்று சொல்லும் பிடபிள்யூடி, அங்கே என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் எல்எஸ், வேறு அடைவுக்குச் செல்ல உதவும் சிடி, ஒரு கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க உதவும் லெஸ், வட்டில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப், நினைவகத்தின் நிலையைச் சொல்லும் ஃப்ரீ, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் ஆகிய ஏழும் தொடக்கத்துக்குப் போதும். சாதாரணமாக இயக்கும்போது இவற்றுள் எதுவும் உங்கள் கோப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது என்பதால், அச்சமின்றி எங்கும் உலவலாம். அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி, பதிவேடுகள் சேரும் வார் லாக், பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் என்னும் அடைவுகளுக்குள் சென்று பாருங்கள். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் இவை இதே இடங்களில்தான் இருக்கும்.

பெயர்கள் ஏன் இவ்வளவு குறுகியவை என்ற எண்ணம் உங்களுக்கு வரும். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் பெல் ஆய்வகத்தில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், திரைக்குப் பதிலாகத் தாளில் அச்சிடும் தட்டச்சுக் கருவிகள் இருந்தன. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தமாகத் தட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது. லிஸ்ட் என்பது எல்எஸ் ஆகவும், காப்பி என்பது சிபி ஆகவும், ரிமூவ் என்பது ஆர்எம் ஆகவும் சுருங்கிய கதையை அறிந்துகொண்டால் பெயர்களைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்ததாக, கையேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்கு நீங்கள் செலவிடும் ஒரு வாரம் மற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட மேலானது என்பது என் உறுதியான கருத்து. மேன் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேட்டுப் பக்கம் திறக்கும். அதன் தொடக்கத்தில் வரும் பயன்பாட்டு வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை விட்டுவிடத் தக்கவை என்பதையும், மூன்று புள்ளிகள் இருந்தால் அதற்கு முந்தையதைப் பலமுறை தரலாம் என்பதையும் அறிந்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும். சாய்கோட்டை அழுத்தி ஒரு சொல்லைத் தந்தால் பக்கத்துக்குள் தேடலாம்; கியூ எழுத்தை அழுத்தினால் வெளியேறலாம். கையேடு பல பிரிவுகளாக எண்ணிடப்பட்டிருக்கிறது: 1 பயனர் கட்டளைகளுக்கு, 5 கோப்புகளின் அமைப்புக்கு, 8 நிர்வாகக் கட்டளைகளுக்கு. அதனால்தான் மேன் பாஸ்வேர்டு என்றால் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையின் பக்கமும், மேன் 5 பாஸ்வேர்டு என்றால் அதே பெயருள்ள பயனர் பட்டியல் கோப்பின் விளக்கமும் வருகின்றன. அந்தப் பெயரைக் கணினியில் எழுதும்போது நடுவில் வரும் ஓ, ஆர் என்னும் இரண்டு எழுத்துகளும் விடுபட்டிருக்கும். பெயரே தெரியாதபோது அப்ரோபோ (எழுதும்போது இறுதியில் எஸ் வரும்) என்ற கட்டளையுடன் பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தந்து தேடலாம்.

சிடிக்கு மட்டும் கையேட்டுப் பக்கம் இல்லையே என்று திகைக்க வேண்டாம். அது தனி நிரலாக இல்லாமல், நீங்கள் தட்டுவதை வாங்கிச் செயற்படுத்தும் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏனெனில், ஒரு தனி நிரல் தன் அடைவை மாற்றிக்கொள்ள முடியுமே தவிர, தன்னை இயக்கிய ஷெல்லின் அடைவை மாற்ற முடியாது. அத்தகைய கட்டளைகளுக்கு மேன் என்பதற்குப் பதிலாக ஹெல்ப் என்று எழுதுங்கள்.

பள்ளி ஆசிரியர், விழுப்புரம்: பழைய வினாத்தாள்களை ஆர்எம் கட்டளையால் அழித்தபோது, தேவையான கோப்புகளும் போய்விட்டன. குப்பைத்தொட்டியிலும் அவை இல்லை. இனி இப்படி நேராமல் இருக்க என்ன வழி?

உங்கள் இழப்பை என்னால் முழுமையாக உணர முடிகிறது. நானும் ஒருமுறை, பழையது என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் நீக்க எண்ணி, அந்தச் சொல்லுக்கும் உடுக்குறிக்கும் (*) இடையே தவறுதலாக ஓர் இடைவெளி விட்டதால், அந்த அடைவில் இருந்த அனைத்தையும் இழந்திருக்கிறேன். ஆர்எம் எதையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதில்லை.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உடுக்குறியை விரித்துப் பொருள் கொள்வது ஆர்எம் இல்லை. ஷெல்தான் முதலில் அந்தக் குறிக்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களையெல்லாம் திரட்டி, அந்தப் பட்டியலை ஆர்எம்மிடம் ஒப்படைக்கிறது. ஆகவே, அதே வரியை முதலில் ஆர்எம் இருக்கும் இடத்தில் எல்எஸ் என்று எழுதி இயக்கினால், எவையெல்லாம் அழியப்போகின்றன என்பதை முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிடலாம். பட்டியல் சரியாக இருந்தால், மேல்நோக்கிய அம்புக்குறி விசையால் அந்த வரியையே திரும்ப வரவழைத்து, எல்எஸ் என்பதை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். பெயரைத் திரும்பக் கையால் தட்டாதீர்கள். பிழை நுழைவது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒப்புதல் கேட்கும் -ஐ என்ற விருப்பமும் உண்டு. உபுண்டுவில் ஜியோ டிராஷ் என்ற கட்டளை கோப்பைக் குப்பைத்தொட்டிக்கே அனுப்பும். அன்றாட வேலைக்கு அதைப் பழக்கிக்கொள்ளுமாறு உங்களிடம் வேண்டுகிறேன்.

மாற்றும் கட்டளைகள் பலவற்றுக்கு இப்படி ஒத்திகை பார்க்கும் வசதி உண்டு. காப்பு நகல் எடுக்க உதவும் ஆர்சிங்க்கிற்கு -என், -வி என்ற இரண்டு விருப்பங்களையும் தந்தால், எந்தக் கோப்பையும் தொடாமல், எவற்றை நகலெடுக்கப் போகிறது என்பதை மட்டும் சொல்லும். மென்பொருள்களை நிறுவும் ஏபிடி-கெட்டிற்கு -எஸ் தந்தால், எவை நிறுவப்படும், எவை நீக்கப்படும் என்பதை மட்டும் பட்டியலிட்டு நின்றுவிடும். வினாத்தாள்களை வெளி வட்டு ஒன்றில் வாரந்தோறும் ஆர்சிங்க்கால் நகலெடுத்து வையுங்கள். மூல அடைவின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் அடைவின் உள்ளடக்கமும், இல்லையென்றால் அடைவே முழுமையாகவும் நகலாகும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளுங்கள்.

கணினி மையம் நடத்துபவர், தஞ்சாவூர்: எங்கள் உபுண்டு கணினியில் வட்டு நிரம்பிவிட்டதாகச் செய்தி வருகிறது. பெரிய கோப்பு எதையும் நாங்கள் சேமிக்கவில்லை. இடம் எங்கே போயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதையும் அழிக்காமல் முதலில் டிஎஃப் -எச் என்று இயக்கி, வட்டின் எந்தப் பகிர்வு (பிரிவு) நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். அது, எல்லா அடைவுகளுக்கும் மேலான வேர் அடைவு (/) இருக்கும் பகிர்வு என்றால், சூடோ டியூ -எக்ஸ்எச்டி1 / | சார்ட் -எச் என்று இயக்குங்கள். சூடோ என்பது அடுத்து வரும் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்குகிறது. டியூ ஒவ்வோர் அடைவும் பிடித்திருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. எக்ஸ் என்பது வேறு பகிர்வுகளுக்குள் போகவிடாமல் தடுக்கிறது. டி1 என்பது ஒரு படி ஆழம் மட்டும் காட்டச் சொல்கிறது. சார்ட் அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்துவதால், இடத்தை விழுங்கியது கடைசி வரிகளில் நிற்கும். அந்த அடைவின் பெயரை இட்டு அதே கட்டளையைத் திரும்ப இயக்கி, படிப்படியாக உள்ளே இறங்குங்கள்.

நடுவில் நிற்கும் செங்குத்துக் கோட்டைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல் நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-இலேயே ஒரு குறிப்பில் எழுதினார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். டியூவுக்கு வரிசைப்படுத்தத் தெரியாது. சார்ட்டுக்கு வட்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு கோடு இரண்டையும் சேர்த்து, எவரும் தனியே எழுதாத ஒரு கருவியை உங்கள் கையில் தந்துவிடுகிறது. கட்டளை வரியின் மீது எனக்குள்ள பற்றுக்கு இதுவே முதற்காரணம்.

பல கணினிகளில் வார் அடைவுதான் பெருத்திருக்கும். கணினியின் நிகழ்வுப் பதிவேடுகள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்பதை ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ் சொல்லும்; அதே கட்டளைக்கு --வேக்யூம்-சைஸ்=200எம் (எம் மட்டும் பெரிய எழுத்தில்) என்று சூடோவுடன் தந்தால் பழைய பதிவுகள் நீங்கி, ஏறத்தாழ 200 மெகாபைட் மட்டும் எஞ்சும். நிறுவி முடித்த தொகுப்புக் கோப்புகள் தேங்கியிருந்தால் சூடோ ஏபிடி கிளீன் அவற்றைத் துடைத்துவிடும். வார் லாக் அடைவுக்குள் உள்ள ஒரு கோப்பு மட்டும் நாளுக்கு நாள் பெருகிவந்தால், அதை அழிக்கும் முன் லெஸ் கொண்டு படியுங்கள். ஏதோ ஒரு சேவை ஒரே பிழையை இடைவிடாமல் எழுதிக்கொண்டிருக்கக்கூடும், அதைச் சரிசெய்யாவிட்டால் இடம் திரும்பவும் நிரம்பும்.

டியூ காட்டும் கூட்டுத்தொகை குறைவாகவும் டிஎஃப் காட்டும் அளவு அதிகமாகவும் இருந்தால், அழிக்கப்பட்ட கோப்பு ஒன்றை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்துவைத்திருக்கலாம். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் நீங்கினாலும், அதைத் திறந்துவைத்திருக்கும் கடைசி நிரல் மூடும்வரை அதன் இடம் விடுபடாது. உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவரும். இடம் மீதமிருந்தும் வட்டு நிரம்பியதாகச் செய்தி வந்தால் டிஎஃப் கட்டளையை -ஐ என்ற விருப்பத்துடன் இயக்கிப் பாருங்கள். எண்ணற்ற சிறு கோப்புகளால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒதுக்கப்படும் கோப்புப் பதிவு எண்கள் தீர்ந்துபோயிருக்கும்.

நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்: அனுமதி மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், சிஎச்மாட் 777 கொடுத்துவிடும்படி அலுவலகத்தில் சொல்லித்தந்தார்கள். இது சரியா?

சரியன்று. சிஎச்மாட் என்பது கோப்பின் அனுமதிகளை மாற்றும் கட்டளை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பது கணக்கு; இவற்றைக் கூட்டி வருவதே ஒவ்வோர் இலக்கமும். உரிமையாளர், குழு, பிறர் என்னும் மூவருக்கும் மூன்று இலக்கங்கள். 777 என்றால் கணினியில் கணக்குள்ள எவரும் அந்தக் கோப்பை மாற்றலாம் என்று பொருள். எல்எஸ் -எல் கொண்டு கோப்பின் உரிமையாளர் யார் என்றும், ஐடி கொண்டு நீங்கள் எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் உரிமையாளரையோ குழுவையோ மாற்றினாலே சிக்கல் தீரும். சாதாரணக் கோப்புக்கு 644-உம், அடைவுக்கு 755-உம் வழக்கமானவை. அடைவைப் பொறுத்தவரை இயக்கும் உரிமை என்பது உள்ளே நுழையும் உரிமை. தனிப்பட்ட திறவுகோல் கோப்புக்கு 777 கொடுத்தால், தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்தவே மறுத்துவிடும்.

வாசகர், சேலம்: பாஷ் ஷெல்லை விட்டு வேறொன்றுக்கு மாறலாமா?

இப்போது வேண்டாம். பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்த பாஷ், நீங்கள் நிர்வகிக்கப்போகும் ஏறத்தாழ எந்த லினக்ஸ் கணினியிலும் இருக்கும். அதை நன்கு பழகிய பிறகு மாறிக்கொள்ளலாம்.

தமிழாசிரியை, யாழ்ப்பாணம்: இந்தக் கருவிகள் தமிழ்க் கோப்புகளைச் சரியாகக் கையாளுமா?

கையாளும். தேடித் தரும் கிரெப்பிடம் தமிழ்ச் சொல்லைத் தந்தால் அது உள்ள வரிகளைக் காட்டும்; கோப்புப் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த, எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கம் இதற்கு அடிப்படை. ஆனால் எழுத்துகளை எண்ணும்போது கவனம் தேவை. பிரிண்ட்எஃப் 'அம்மா' | டபிள்யூசி -சி என்று இயக்கினால் 15 என்று வரும், ஏனெனில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் பிடிக்கிறது. -எம் தந்தால் 5 என்று வரும், ஏனெனில் புள்ளியும் கால் குறியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. நாம் படிக்கும் எழுத்துகளோ மூன்று.

வரிசைப்படுத்துவதிலும் இதே கவனம் வேண்டும். எல்சி_ஆல்=சி (இது மட்டும் பெரிய எழுத்துகளில்) என்ற அமைப்பில் சார்ட்டை இயக்கினால், அது யூனிகோடு எண்களின்படியே வரிசைப்படுத்தும்; அங்கே றகரம் ரகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால் மரம், மறம், மலர் என்று வரும். நெடுங்கணக்கின்படி மரம், மலர், மறம் என்பதுதான் சரியான வரிசை. மாணவர்களின் பெயர்ப் பட்டியலையோ சொல்லடைவையோ அச்சுக்கு அனுப்பும் முன், றகரமும் னகரமும் வரும் வரிகளை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.