பண்டைய ஏதென்ஸின் மக்களாட்சியை அங்கே ஆற்றப்பட்ட உரைகளில் பார்க்க முடியுமா?

தாராளமாக. பலரும் முதலில் காட்டுவது, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போரின் முதலாண்டு முடிவில், மாண்ட வீரர்களுக்காக ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் ஆற்றிய உரையை. ஊர் விவகாரத்தில் கலந்துகொள்ளாதவனை 'சாதுவானவன்' என்று ஏதென்ஸ் சொல்லாது, பயனற்றவன் என்றே கருதும் என்கிறார். கம்பீரமான பேச்சுதான். ஆனால் நம்மிடம் இருப்பது வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் எழுதிவைத்த வடிவம். உரைகளைச் சொல்லுக்குச் சொல் தருவதாக அவரே சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது, பிறருக்கு உரை எழுதிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட லிசியாஸ் ஓர் ஊனமுற்ற ஏழைக் கடைக்காரருக்கு எழுதிக்கொடுத்த சிறிய உரை. அவருக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபோல், அதாவது திராக்மாவில் ஆறில் ஒரு பங்கு, அரசு உதவித்தொகை கிடைத்துவந்தது. 'இவர் குதிரை ஏறுகிறார், தொழிலும் தெரியும், உதவி எதற்கு?' என்று ஒருவர் புகார் செய்ய, கடைக்காரர் 500 பேர் கொண்ட ஆட்சிமன்றத்தின் முன் வந்து நிற்கிறார்.

அவர் கெஞ்சவில்லை, கிண்டல் செய்கிறார். பணமிருந்தால் சொந்தக் கோவேறு கழுதையில் சொகுசாகப் போயிருப்பேனே, இரவல் குதிரை எதற்கு? மற்றவர்கள் ஒரு கோல் ஊன்றுகிறார்கள், நான் இரண்டு ஊன்றுகிறேன். அதுவும் உடல்வலிமைக்குச் சான்றா? எனக்கு ஊனமே இல்லையென்றால், ஆர்க்கான்கள் எனப்படும் ஒன்பது உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் என் பெயரையும் சேர்க்க வேண்டியதுதானே!

ஒரு ஓபோலுக்காக ஓர் ஏழை ஆட்சிமன்றத்தையே சிரிக்கவைக்கப் பார்க்கிறார். பெரிக்கிளீஸ் புகழ்ந்த சமத்துவம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை இங்கேதான் கிட்டத்தில் பார்க்கிறோம். அதன் எல்லையும் இங்கேயே தெரிகிறது: இந்த வாதத்தை எழுதிய லிசியாஸ் ஏதென்ஸில் குடியேறிய அயலார் குடும்பத்தவர். மக்கள் சபையில் வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை.