சுவருக்குள் கிடைத்த செப்புக் காசு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திமிரி பக்கம் உள்ள கிராமத்தில் என் மாமனாரின் பழைய வீட்டை இடித்தபோது, சுவருக்குள்ளிருந்து கொத்தனார் ஒரு மண் கலயத்தை எடுத்தார். உள்ளே 43 செப்புக் காசுகள். சிலவற்றில் சிங்கங்களும் 1808 என்ற ஆண்டும் உள்ளன. போனில் ஒருவர் காசு ஒன்றுக்கு மூன்று லட்சம் தருகிறாராம். முதலில் ரிசர்வ் வங்கி அனுமதிக்கு 8,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். கொத்தனாருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு விற்கலாமா? - வாசகி, வேலூர்

பதில்: அந்த 8,500 ரூபாயைக் கட்டாதீர்கள். பழைய நாணய விற்பனைக்கு ரிசர்வ் வங்கி அனுமதியும் தருவதில்லை, கட்டணமும் வாங்குவதில்லை. 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

மூன்று லட்சம் என்பதும் பொய். நீங்கள் சொல்லும் அடையாளம், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த காசுக்குப் பொருந்துகிறது. மறுபக்கம் பாரசீக எழுத்தும் X அல்லது XX என்ற குறியும் இருந்தால் அது பத்து காசு அல்லது இருபது காசு நாணயம். இவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து ஏராளமான காசுகளை எடுத்தார்கள். அதனால் சேகரிப்பாளர்களுக்கு இது அரிதான காசு இல்லை. சிங்கம் இல்லாத மற்ற காசுகளைத்தான் நான் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். ஆற்காடு நவாப் காலத்துக் காசு ஏதாவது கலந்திருக்கலாம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குடம் துலக்கிய கை அங்கேதான் போகும். ஆனால் பச்சைக் களிம்போடு காசின் மதிப்பும் போய்விடும். இரண்டு பக்கமும் படம் எடுத்து, நகைக்கடைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அது போதும்.

சரி, விற்கலாமா? இப்போது கூடாது. பாட்டி டிரங்குப் பெட்டியில் விட்டுப்போன காசு என்றால் வேறு பேச்சு. சுவருக்குள் இருந்தது புதையல். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் மண்ணில் மறைந்திருப்பதை மட்டுமல்ல, மண்ணோடு பிணைந்த கட்டுமானத்தில் மறைந்திருப்பதையும் புதையல் என்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். காசுகளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பிணை தர வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவர் பங்கை இழப்பார், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அதற்கு உடந்தையாக இருக்கும் இடத்துக்காரரையும் சட்டம் விடாது.

கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாளில் விசாரிப்பார். நூறு ஆண்டுக்குள் உங்கள் குடும்பத்து முன்னோர் வைத்ததுதான் என்று காட்ட முடிந்தால் அதை அங்கே சொல்லுங்கள். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரும். செம்புக்கு அது சொற்பம்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த முக்கால் பங்கை மறுபடி படியுங்கள். கலயத்தை எடுத்தவர் கொத்தனார். ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்து வாயை மூடச் சொன்னால், அவருக்கு உரியதைப் பறிப்பதோடு அவரையும் குற்றத்தில் மாட்டிவிடுகிறீர்கள். அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். பங்கு பற்றி இருவரும் மனமொத்து எழுதிக்கொண்டால் சட்டம் அதை ஏற்கும்.

அப்புறம், வீட்டுப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 2019 பிரிப்புக்குப் பிறகு திமிரி இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில். மனுவை அந்தக் கலெக்டருக்கு எழுதுங்கள். என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி, இவற்றோடு கொத்தனார் பெயரும் இருக்கட்டும். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.