4 ஓம் ஆம்ப்பில் 8 ஓம் லோட் பாக்ஸ் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் ஃபெண்டர் '65 ட்வின் ரிவெர்ப் ட்யூப் கிட்டார் ஆம்ப் இருக்கிறது, 85 வாட், 4 ஓம். வீட்டில் சத்தமில்லாமல் ரெக்கார்டு செய்ய ரியாக்டிவ் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் பவரை வாங்கிக்கொள்ளும் சுமைப் பெட்டி) வாங்கினேன். அதில் 8 ஓம் என்று போட்டிருக்கிறது, மல்டிமீட்டரோ 6.5 காட்டுகிறது. பெட்டி பழுதா? மாட்டலாமா?

பதில்: பழுதில்லை. மல்டிமீட்டர் அளப்பது டிசி தடையை மட்டும்தான். 8 ஓம் ஸ்பீக்கரை அளந்தாலும் 6, 7 என்றுதான் வரும். பெட்டியில் போட்டிருக்கும் 8 ஓம் என்பது இம்பீடன்ஸ், அதாவது ஏசி சிக்னலுக்கு உள்ள தடை. அது அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும். கிட்டார் ஸ்பீக்கரில் 75 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது பல மடங்கு எகிறும். சில நூறு ஹெர்ட்ஸில் 8 ஓமுக்கு அருகே இறங்கும். மேலே போகப் போக மறுபடி ஏறும். இதே ஏற்ற இறக்கத்தைக் காயில், கெபாசிட்டர் வைத்து உண்டாக்குவதுதான் ரியாக்டிவ் பெட்டி. வெறும் ரெசிஸ்டர் பெட்டியில் அடித்தொனியும் மேல்தொனியும் மந்தமாகக் கேட்பது இந்த ஏற்ற இறக்கம் இல்லாததால்தான்.

இனி 4, 8 விஷயம். ட்வினில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலாக இருப்பதால் மொத்தம் 4 ஓம். அந்த இடத்தில் 8 ஓம் வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பவர் ட்யூப்களுக்குச் சுமை இரு மடங்காகத் தெரியும். பவர் குறையும், வோல்டேஜ் வீச்சு கூடும். இந்த ஒரு படி வித்தியாசத்தை நல்ல நிலையில் உள்ள ஃபெண்டர் பொதுவாகத் தாங்கும். மிதமான வால்யூமில் வாசியுங்கள், சரி. முழு வால்யூமில் மணிக்கணக்காக ஓட்டுவதென்றால் 4 ஓம் வசதியுள்ள பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். 16 ஓம் பெட்டி வேண்டவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஜாக்கில் இருக்கிறது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை மெயின் ஸ்பீக்கர் ஜாக்கில்தான் செருக வேண்டும். மெயின் ஜாக் காலியாக இருந்தால் அது அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். கூடுதல் ஸ்பீக்கருக்கான எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் செருகினால் பெட்டிக்கு ஒன்றும் போகாது. சுமையே இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஆம்ப்புக்கு அது பொருந்தும், ட்யூப் ஆம்ப்புக்குப் பொருந்தாது. பல ட்யூப் ஆம்ப்களில் சுமை அறுந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். அதனால் கிட்டார் கேபிளைப் போடாமல் தடிமனான ஸ்பீக்கர் கேபிளையே போடுங்கள். ஆம்ப் ஓடும்போது அதைத் தொடாதீர்கள்.

பெட்டியின் வாட் அளவையும் பாருங்கள். 85 வாட் ஆம்ப் முழுதாக டிஸ்டார்ட் ஆகும்போது அதைவிடக் கணிசமாக அதிகம் தள்ளும். 100 வாட் பெட்டி என்றால் வால்யூமைக் குறைத்தே வையுங்கள், சுற்றிலும் காற்றோட்டம் விடுங்கள்.