‘அற்றோணி பலபத்ரய’ என்ற சிங்களத் தொடர் (ஒருவர் தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம், power of attorney) தமிழில் எப்படி?

‘அற்றோணித் தத்துவம்’ என்று எழுதுங்கள். நீங்கள் போட்ட ‘அற்றோணி அனுமதிப்பத்திரம்’ என்பதைக் கொழும்பு அலுவலகம் திருப்பி அனுப்பியதில் வியப்பில்லை.

சிங்களத்தில் சாரதி அனுமதிப்பத்திரமும் ‘பலபத்ரய’தான்; குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அவர்களுடைய ‘பலய’ உடல் வலிமை, சட்ட அதிகாரம், மின்வலு எல்லாவற்றையும் சுமக்கிறது. நம் ‘பலம்’ அவ்வளவு தூரம் போகாது. ‘பாலனய’வும் இப்படித்தான்: ‘மில பாலனய’ விலைக் கட்டுப்பாடு, ‘பளாத் பாலன’ உள்ளூராட்சி. ஒன்றில் கட்டுப்பாடு, மற்றதில் ஆட்சி!

‘தத்துவம்’ மெய்யியல் போல ஒலிக்கிறதே என்று தயங்க வேண்டாம்; இங்கே அதற்கு அதிகாரம் என்றே பொருள். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் 3ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். மக்களின் இறைமையைச் சொல்லும் இடத்தில் ‘ஆட்சித் தத்துவங்கள்’ என்றே இருக்கும். உங்கள் ஆவணத்தில் வேறெங்கெல்லாம் ‘பலய’ என்ற சிங்களச் சொல் வருகிறதோ, அங்கெல்லாம் யாருக்கு எதைச் செய்ய உரிமை தரப்படுகிறது என்று கேட்டுவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இது இலங்கை வழக்கு. ஆவணம் தமிழ்நாட்டுக்குப் போவதானால் அங்கே ‘அதிகார ஆவணம்’ என்றால்தான் புரியும். காணி விற்பனை சம்பந்தப்பட்டிருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் கையொப்பம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.