அரிக்கமேட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: பொங்கல் விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், கண்ணாடி மணி செய்த அரிக்கமேட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். போய் வந்த உறவினரோ, "இடிந்த தூணும் தோப்பும்தான், நேரம் வீண்" என்கிறார். போகலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: அவசியம் போங்கள் அம்மா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமானியரோடு வணிகம் நடந்த துறைமுக ஊர் அது. ஆனால் நேரே மேட்டுக்குப் போனால் உறவினர் சொன்னதுதான் கண்ணில் படும். அந்தச் செங்கல் தூண்களை ரோமானியர் கட்டியதாக நினைத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. அவை 18-ம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வுக்காகத் தோண்டிய குழிகளும் இன்று மண்ணுக்கடியில்தான்.

அதனால் முதலில் புதுச்சேரி அருங்காட்சியகம். அரிக்கமேட்டு மணிகளை அங்கே பொறுமையாகப் பாருங்கள். கடுகளவு, மிளகளவு, சிவப்பு, நீலம், பச்சை. இத்தனூண்டு மணியில் துளை எப்படிப் போட்டார்கள் என்று மகள் கேட்பாள். மணியில் தனியாகத் துளை போடவே இல்லை என்பதுதான் விஷயம்!

ஆந்திராவில் காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, நடுவில் துளைவிட்டு உலையில் வைக்கிறார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் நுனியைக் கொக்கியால் பிடித்து இழுக்க, கண்ணாடி மெல்லிய குழலாக வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இருந்த துளையும் சேர்ந்தே நீள்கிறது. குழலைப் பொடிப்பொடியாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பல் கலந்து மறுபடி சூடாக்கினால் கூர்முனை மழுங்கி மணியாகிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: துளையை ஒட்டி மயிரிழைபோல் நீளவாக்கில் கோடுகள். அரிக்கமேட்டு மணியிலும் அதே கோடு. இரண்டாயிரம் வருஷத்துக் கைப்பக்குவம்! எனக்கு அன்று பேச்சே வரவில்லை.

மேட்டில் கிடைத்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது முழு மணிகளை அல்ல. ஒடிந்த குழல் துண்டு, உருகி உறைந்த கண்ணாடிக் கட்டி, கசடு இவைதான். மணியைக் கப்பலில் எங்கிருந்தும் கொண்டுவந்திருக்கலாம். கசடை யார் சுமந்து வருவார்? இங்கேயே உலை எரிந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மழை பெய்த பிறகு மேட்டில் மணிகள் தலைகாட்டும். மகள் குனிந்து ஆசைதீரப் பார்க்கட்டும், எடுக்க வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முன்பு ஒருமுறை தீப்பெட்டியில் மணிகளைப் போட்டு ஒருவர் என்னிடம் விலை சொன்னார். மனசு கனத்துவிட்டது. எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரியாத மணி வெறும் பாசிதான். அதன் காலத்தைச் சொல்ல இனி யாராலும் முடியாது.

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து தெற்கே 4 கிலோமீட்டர்தான். ஆட்டோவில் அரியாங்குப்பம் காக்காயந்தோப்பு என்று சொல்லுங்கள்.