மெக்சிகோவில் மல்யுத்த வீரர்களின் வாரிசுகளுக்கென்றே தனிப் போட்டி நடத்துவது நியாயமா?

கேள்வி கேட்டவர் அதற்குக் கீழே, "திறமை உள்ளவன் வெளியே நிற்க, அப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவனுக்குக் கோப்பையா?" என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார். அநேகமாக அவர் இளைஞராக இருப்பார். யாரோ ஒருவருடைய மகனுக்காகத் தாம் ஒதுக்கப்பட்டதை அண்மையில் எங்கோ கண்டவராகவும் இருக்கலாம். அப்படியானால் அவருடைய கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு விடை எழுத வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது வேறொன்று. நானும் அப்பாவின் வேலையில் அமர்ந்தவன்.

1984-ஆம் ஆண்டு என் தந்தை அரசுப் பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டு, கருணை அடிப்படையில், அவர் பணியாற்றிய அதே அலுவலகத்தில் எனக்கு இளநிலை உதவியாளர் பணி கிடைத்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட அந்த ஆணையில் ‘ஜூனியர் அசிஸ்டென்ட்’ என்று இருந்தது. ஓய்வு பெறும்போது நான் கண்காணிப்பாளர். ஆனாலும் முப்பத்தெட்டு ஆண்டுகளில் என் முதுகுக்குப் பின்னால் "அப்பா செத்து வந்த வேலை" என்று சொல்லப்படாத ஆண்டு ஒன்றுகூட இல்லை. துறைத் தேர்வுகளை நானும் மற்றவர்களைப் போலப் படித்துத்தான் எழுதினேன் என்பதை எவரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

2023-இல் ஓய்வு பெற்ற பிறகு, மெக்சிகோ நகரில் வசிக்கும் மகள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். என் மருமகன் சிறுவயதில் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டு வைத்து விளையாடிய தலைமுறையைச் சேர்ந்தவர். "மாமா, இந்த ஊருக்கு வந்துவிட்டு லூச்சா லிப்ரே என்கிற இவர்களுடைய மல்யுத்தத்தைப் பார்க்காமல் போனால் பாவம்" என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு என்னை அரேனா மெக்சிகோ என்ற அரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். மெக்சிகோக்காரரான அவருடைய அலுவலக நண்பர் ஒருவரும் உடன் வந்தார். அன்றைக்கு நடந்ததும் நீங்கள் கேட்கும் வகைப் போட்டிதான்: மல்யுத்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும் மட்டும் கோதாவில் இறங்கும் போட்டி.

அந்த அரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சல்வதோர் லுத்தெரோத் என்பவர் 1933-இல் தொடங்கிய மல்யுத்த நிறுவனம்தான் இன்று ஸிஎம்எல்எல் என்ற பெயரில் இயங்குகிறது. 1956-இல் கட்டப்பட்ட அரேனா மெக்சிகோவை அங்குள்ளவர்கள் ‘பேராலயம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். இந்த நிறுவனம் வாரிசுகளுக்காக ‘கோபா ஜூனியர்’ என்ற போட்டியை 1990-களிலிருந்து விட்டு விட்டு நடத்தி வருகிறது. அண்ணன் தம்பி, தந்தை மகன் என்று உறவினர்களை இணைகளாக இறக்கும் போட்டிகளும் உண்டு. வாசலில் நின்ற ஒரு கள்ளச் சந்தை ஆசாமி முன்வரிசை என்று சொல்லி விற்ற சீட்டுகள், கூரைக்கு அருகில் எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தன என்பதையும் பதிவு செய்து விடுகிறேன். பேராலயத்தின் வாசலில் ஏமாற்றுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இங்கே சிலர் உடனே, "அது முன்பே பேசி வைத்துக்கொண்டு போடும் பொய்ச் சண்டைதானே, அதில் வாரிசு என்ன, நியாயம் என்ன?" என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெர்ரோ அகுவாயோ என்ற பெருவீரரின் மகன், அதே பெயரைத் தாங்கியவர், 2015 மார்ச்சில் திஹுவானாவில் கோதாவிலேயே கழுத்தில் அடிபட்டு இறந்தார். டாக்டர் வாக்னர் என்ற முகமூடி வீரரின் மகன் சில்வர் கிங் 2019 மே மாதம் லண்டனில் கோதாவிலேயே சரிந்து உயிர்விட்டார். இருவரும் வாரிசுகள். முடிவைப் பேசி வைத்துக்கொள்ளலாம். விழும் உடம்பிடம் எதையும் பேசி வைக்க முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நாட்டில் தந்தையின் பெயரை எடுத்துக்கொள்வது எளிதான காரியம் என்று நீங்கள் கருதுவதாகத் தெரிகிறது. வெள்ளி முகமூடி அணிந்த எல் சாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-இல் அந்த முகமூடியுடன் இறங்கியவர், திரைப்படங்களிலும் படக்கதைகளிலும் நாயகனாகி, 1984 பிப்ரவரி 5 அன்று இறந்தபோது முகமூடியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். (என் தந்தை இறந்த அதே ஆண்டு, இதில் பொருள் ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.) அவருடைய இளைய மகன் 1982-இல் மல்யுத்தத்துக்கு வந்தபோது, முதலில் தந்தையின் பெயரைத் தொடாமல் ‘கொராக்’ என்ற வேறு பெயரில்தான் இறங்கினார். அதன் பிறகே ‘எல் இஹோ தெல் சாண்டோ’, அதாவது சாண்டோவின் மகன், ஆனார். பெயரோடு பகையும் வந்து சேர்ந்தது. 1963-இல் தந்தை எஸ்பாந்தோ என்ற வீரரைத் தோற்கடித்து முகமூடியைக் கழற்றியிருந்தார். 1986-இல் எஸ்பாந்தோ ஜூனியர் என்ற பெயருடன் ஒருவர் எதிரே வந்து நிற்க, மகனும் தன் முகமூடியைப் பணயம் வைத்துப் போராடி, அவருடைய முகமூடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

முகமூடிப் பணயம் என்றால் என்ன என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோற்றவர் அந்த இடத்திலேயே முகமூடியைக் கழற்றி, தம் உண்மைப் பெயரையும், சொந்த ஊரையும், எத்தனை ஆண்டுகளாகத் தொழிலில் இருக்கிறார் என்பதையும் அரங்கம் முழுவதும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். ஆகவே தந்தை கொடுத்த முகமூடியை அணிந்திருப்பவர் தோற்றால், தந்தை பல ஆண்டுகள் காப்பாற்றிய ஒன்றைப் பதினாறாயிரம் பேர் முன்னிலையில் ஒரே இரவில் தொலைத்தவர் ஆகிறார். எந்தப் பணி ஆணையிலும் இப்படியொரு நிபந்தனையை நான் படித்ததில்லை.

பிள்ளைகள் வரவே கூடாது என்று நினைத்த தந்தையரும் இருந்திருக்கிறார்கள். ரே மெண்டோசா என்ற சாம்பியன் தம் மகன்கள் படித்து மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக வேண்டும் என்று விரும்பினார்; மூத்த இருவரும் முகமூடி அணிந்துகொண்டு அவருக்குத் தெரியாமல் கோதாவில் இறங்கிவிட்டார்கள். தெரிந்த பின், வேறு வழியின்றி, அவரே வஸ்தாதாக நின்று கற்றுக்கொடுத்தார். ஐந்து மகன்களும் வியானோ ஒன்று முதல் ஐந்து வரை என்று எண் போட்டுக்கொண்டு பெயர் வாங்கினார்கள். அவர்களில் மூன்றாமவர் 2000 மார்ச் 17 அன்று அட்லாண்டிஸ் என்பவரிடம் முகமூடியை இழந்த அந்தப் போட்டியை இன்றும் மெக்சிகோக்காரர்கள் கண்ணீருடன் பேசுகிறார்கள் என்று மருமகனின் நண்பர் சொன்னார். அதே அட்லாண்டிஸின் மகன், அட்லாண்டிஸ் ஜூனியர், 2022 செப்டம்பரில் நிறுவனத்தின் 89-ஆம் ஆண்டு விழாவில் ஸ்டூகா ஜூனியரின் முகமூடியைக் கழற்றினார்.

‘ஜூனியர்’ என்று போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் பெற்ற பிள்ளைகள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் யாராவது அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். புளூ டீமன் ஜூனியர், புளூ டீமன் என்ற வீரரின் வளர்ப்பு மகன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தொலைக்காட்சி வழியாகத் தெரிந்த ரே மிஸ்டீரியோ, தொடக்கத்தில் ஜூனியர் என்று அழைக்கப்பட்டாலும், மூத்த ரே மிஸ்டீரியோவுக்கு நெருங்கிய உறவினர்தானே தவிர, பெற்ற மகன் அல்லர். பெயரை விலைக்கு வாங்கி அணிந்துகொள்பவர்களும் அந்தத் தொழிலில் உண்டு. இதில் வணிகம் இருக்கிறது என்பதையும், குடும்பப் பெயர் இல்லாத ஒரு பையன் பல ஆண்டுகள் சிற்றூர் அரங்குகளில் காத்திருக்கும்போது ஒரு வீரரின் மகனுக்குப் பெரிய அரங்கின் கதவு சீக்கிரம் திறக்கிறது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. அந்த அளவில் உங்கள் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் அந்த இரவில் பார்த்தேன். பல வீரர்கள் ஒரே நேரத்தில் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றப்படும் முறையில் போட்டி நடந்தது. ஓர் இளைஞர் (பெயரை எழுத மனம் வரவில்லை) மேல் கயிற்றின் மீது ஏறி நின்று, கைகளை விரித்து, எதிராளியின் மேல் பாயப் போனவர், கால் வழுக்கிக் கயிற்றுக்கும் மேடைக்கும் நடுவே அலங்கோலமாக விழுந்தார். ஒரு கணம் அரங்கமே மூச்சடக்கியது. பிறகு, எங்கள் வரிசையில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருந்த, எழுபது வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள் எழுந்து நின்று, இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு ஏதோ கத்தினார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருமகனின் நண்பர் எனக்காக மொழிபெயர்த்தார்: "வீட்டுக்குப் போய் உன் அப்பாவை வரச்சொல்!"

எல்லாரும் சிரித்தபோது எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் மாதம், நான் எழுதிய அலுவலகக் குறிப்பு ஒன்றில் முந்தைய அரசாணையின் எண்ணைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். என் பிரிவின் அதிகாரி அந்தக் கோப்பைத் திருப்பித் தரும்போது கடிந்துகொள்ளவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுக்கச் சொல்லி, அதைப் பிரித்து, என் தந்தையின் கையெழுத்தில் இருந்த குறிப்பு ஒன்றை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்னார். மணிமணியான எழுத்து; ஓரிடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. நான் வாசித்து முடித்ததும், "சரி, போய் எழுதுங்கள்" என்றார். வெளியிலிருந்து தேர்வெழுதி வந்தவர் அதே தவறைச் செய்திருந்தால், தவறு அவருடையதாக மட்டும் இருந்திருக்கும். அவருக்கு யாருடைய கோப்பையும் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். இதை நான் அனுதாபத்துக்காக எழுதவில்லை. எனக்குக் கிடைத்த வேலை கிடைக்காமல் போன எத்தனையோ பேர் இருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும்.

அந்த இளைஞர் எழுந்து, இன்னும் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, பிறகு தோள்கள் இரண்டும் மேடையில் பட, மூன்று எண்ணப்பட்டு வெளியேறினார். அவருக்குத் துணையாகக் கோதாவின் ஓரத்தில், கழுத்தில் துண்டுடன், நரைத்த தலையுடைய ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் தந்தை என்று நண்பர் சொன்னார். மகனை அணைத்துக்கொள்வார் என்றோ, தட்டிக் கொடுப்பார் என்றோ நான் எதிர்பார்த்தேன். அவர் மகனைத் திரும்பி நிற்க வைத்தார். முகமூடியின் பின்புறத்தில் காலணிக் கயிறு போல ஒரு கயிறு கோத்துக் கட்டியிருப்பார்கள். விழுந்ததில் அது தளர்ந்திருந்தது. கூச்சலுக்கு நடுவே, அவசரப்படாமல், ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் பிறகே மகனை நடக்க விட்டார். கூரைக்கு அருகில் இருந்த எங்கள் இருக்கையிலிருந்தும் அது தெளிவாகத் தெரிந்தது.

அந்த முகமூடிகளுக்கும் ஒரு வம்சம் உண்டு. 1934-இல் சைக்ளோன் மெக்கீ என்ற வீரர் கேட்டதற்காக முதல் முகமூடியைத் தைத்தவர் அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற காலணித் தொழிலாளி. அவருக்குப் பின் அவருடைய மகனும் அதே தொழிலைத் தொடர்ந்தார். அங்கே எவரும் அவரை வாரிசு என்று ஏசியதாகத் தெரியவில்லை. தைப்பவனுக்கு அந்தச் சலுகை உண்டு, அணிபவனுக்கு இல்லை போலும்.

இடைவேளையில் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். நண்பர் இந்தியா என்று சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, நானும் அப்பாவின் வேலைக்கு வந்தவன்தான் என்பதையும் சொல்லிவிட்டார். வரும் வழியில் நான் சொன்னது அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் மிகுந்த அக்கறையுடன் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் இருவரில் யார் கெட்டிக்காரர்?

"அப்பாதான்" என்றேன்.

அது மொழிபெயர்க்கப்பட்டதும், சரியான விடை சொன்ன மாணவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்ததாகக் கோதாவுக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு வீரரின் மகனை நோக்கிக் கத்துவதற்காக மறுபடியும் கைகளைக் குவித்துக்கொண்டார்.